சீல் வைத்த காகிதம்

என் அக்காவின் வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், என் கடையில் இருந்த ஒரு ரப்பர் சீலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே அலுத்துவிடும். இன்று கரண்ட் இல்லை, காலையில் பிடித்த மழை விடவில்லை, கடைக்கு ஆட்களும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கொட்டகலை பஜாரில் என்னுடையது கொமினிகேஷன் கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற காலத்துப் பெயர் அது. இப்போது அங்கே நடப்பது போட்டோகொப்பி, பிரிண்ட், லெமினேட், ரீலோட், படிவம் நிரப்புவது. தேயிலைத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களுக்கு அது மட்டும் போதாது. சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவேண்டும். அரசாங்கக் கச்சேரிக்குக் கடிதம் எழுதவேண்டும். மருந்துத் துண்டில் இங்கிலீஷில் கிறுக்கியிருப்பது என்னவென்று பார்க்கவேண்டும். "கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது.

நாடு கடனில் விழுந்து, ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போன அந்த வருடத்தில்தான் புதிய ஒரு வேலையும் சேர்ந்தது. வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலும் மருந்து இல்லை. ஆட்கள் போனைத் திறந்து வைத்தியம் தேட ஆரம்பித்தார்கள். தேடியது கிடைத்ததும், போனை என் மேசைமேல் வைத்து, இதை பிரிண்ட் எடுத்துத் தாருங்கள் என்றார்கள். மூட்டுவலிக்கு ஒன்று, கல்லடைப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. மருந்து திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் எப்போதுமே வேறு மொழியில்தான் நடக்கிறது. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், கொப்பியில் இங்கிலீஷில் எழுதுவார், மாத்திரைப் பையில் சிங்களத்தில் ஏதோ இருக்கும். விடியலில் எழுந்து பஸ் ஏறி, நம்பர் எடுத்து, மத்தியானம் வரை உட்கார்ந்தால், உள்ளே ஒரு நிமிடம். அப்படி வீடு திரும்பியவள் போனைத் திறக்கிறாள். அங்கே ஒரு வெப்சைட் "அன்புச் சகோதரியே" என்று தமிழில் கூப்பிட்டு, அவள் நோயைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பேன்.

பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பிரிண்ட் எடுத்து எடுத்தே பழகியது. வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாய் ஒரு டொக்டரின் படம் இருந்தது. அதே முகம் கல்லடைப்புப் பக்கத்தில் ஒரு பெயரோடும், ஆஸ்துமாப் பக்கத்தில் இன்னொரு பெயரோடும், முடி உதிர்வுப் பக்கத்தில் மூன்றாவது பெயரோடும் சிரித்தது. அன்றிலிருந்து படங்களைப் பார்ப்பதை விட்டேன். பக்கத்து பார்மசிக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்; அவரும் நானும் ஒரே வயது. ஆட்கள் இல்லாத நேரத்தில் வாசலில் நின்று கதைப்போம். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "தங்கச்சி, மேல என்ன எழுதி இருக்குன்னு பாக்காதீங்க. ஆக அடியில என்ன விக்கிறான்னு பாருங்க." பார்த்தேன். முக்கால்வாசிப் பக்கங்களின் அடியில் ஒரு பொடி டப்பா இருந்தது.

அதன் பிறகு எழுதியது யார், எப்போது எழுதியது, எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பல்கலைக்கழகம் என்றெல்லாம் தேடுவேன். ஒன்றுமே இருக்காது. ஆச்சரியக்குறி மட்டும் வரிக்கு மூன்று இருக்கும். ஒழுங்கான பக்கங்களும் தமிழில் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை யாரும் பிரிண்ட் எடுப்பதில்லை. அவை சப்பென்று இருக்கும். இருக்கலாம், கூடும், சிலருக்கு என்று இழுத்து, கடைசியில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள் என்று முடியும். வைத்தியரிடம் கேட்க முடியாமல்தானே இவர்கள் போனுக்கே வந்தார்கள்.

இது பொய் என்று சொன்னால் "நீங்க என்ன டாக்டருக்கா படிச்சீங்க?" என்பார்கள். எனக்குத் தெரியாது என்றால் "படிச்ச புள்ள, நீயே தெரியாதுங்குற" என்பார்கள். முதல் ஒரு வருடம் பொறுமையாகத்தான் விளக்கினேன். பிறகு குரல் உயர ஆரம்பித்தது. பிறகு ஏச்சு. பிறகு ஏசவும் தெம்பு இல்லாமல், போனை வாங்கி பிரிண்ட் பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிடுவேன். இதில் எந்தக் கட்டத்தில் நான் எப்போது இருந்தேன் என்று என் கடைக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பியவர்களும் உண்டு.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா செத்தபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு கொழுந்து எடுக்கப் போனாள்; நான் தொடர்ந்து படித்தேன். நான் இன்று கடை வைத்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களை ஏசுகிறேன் என்றால் அது அவள் மலை ஏறியதால்தான். புருஷன் இறந்த பிறகு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறாள். ஒரே மகள் கொழும்பில் வேலை. ஆறு வருடமாக அக்காவுக்குச் சீனி வியாதி. மாதம் ஒருமுறை கிளினிக் போய் மருந்து எடுப்பாள். அங்கே ஏதாவது மாத்திரை இல்லையென்றால் நானாவின் கடையில் வாங்குவாள்.

மகள் அவளுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தாள். அதோடு என் காலைப்பொழுது போயிற்று. விடிந்தால் அக்காவிடமிருந்து மூன்று செய்தி. பாகற்காய்ச் சாறு, வெந்தய நீர், செப்புப் பாத்திரம், ஈரலைக் கழுவும் ஏதோ ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: இது சரியா? ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். ஒருநாள் கடையில் பிரிண்டர் சிக்கி, மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்க, போன் மூன்று முறை கூவியது. அக்காவுக்குக் கோல் எடுத்துக் கத்திவிட்டேன்.

"அக்கா, உனக்கு வேற வேல இல்லையா? பாக்குற குப்பைய எல்லாம் எனக்கு அனுப்பாத. நாள் பூரா இந்தப் பேச்சுதான் கேக்குறேன், நீயும் உசுர வாங்காத."

"சரி புள்ள, அனுப்பல," என்றாள் அக்கா. அனுப்பவும் இல்லை. அடுத்த நாளில் இருந்து என் போன் அமைதியாகிவிட்டது. ஒரு ஆளாவது திருந்தியதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது விஷயம். சீல் இருக்கிறதா என்பதே முதல் விஷயம். கிராம சேவகரின் கடிதத்தில் சீல் மங்கலாக விழுந்தது என்று ஹட்டனில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பிறப்புப் பத்திரம் என்றாலும் தோட்டத் துரையின் கடிதம் என்றாலும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் என்றாலும் முதலில் தாளைச் சாய்த்துப் பிடித்து நீல மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எழுத்து வேறு மொழியில் இருக்கும். சீல் எல்லாருக்கும் விளங்கும். நான் எழுதிக் கொடுத்த கடிதங்களுக்கும் கேட்பார்கள். "சீல் இல்லாம எப்புடிக்கா குடுக்குறது?" சொல்லிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் கடைக்கென்று ஒரு சீல் செய்தேன். நீள்வட்டத்துக்குள் கடையின் பெயர், ஊர், நடுவில் தேதி. அதற்கு ஒரு செல்வாக்கும் கிடையாது. ஆனால் அதை வைத்ததும் அவர்கள் முகம் தெளியும். எனக்கும் பேச்சு மிச்சம்.

என் போன் அமைதியான பிறகு வந்த ஜனவரியில், முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற பரபரப்பு. கடையில் நிற்க இடமில்லை. அக்காவின் லயத்தில் இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஒரு பெண் போனை நீட்டினாள். அவளுக்கும் சீனி. எனக்குப் பழக்கமானவள்தான்.

"அக்கா, இது ஒண்ணு எடுத்துத் தாங்க. மொத பக்கம் மட்டும் போதும்."

எடுத்தேன். வாசிக்கவில்லை. வாசித்தால் பேச வேண்டி வரும்.

"அப்புடியே சீல் ஒண்ணும் வச்சிருங்கக்கா."

சீல் கையில்தான் இருந்தது. அப்போதுதான் யாருடையதோ பள்ளிக்கூடக் கடிதத்துக்கு வைத்திருந்தேன். இதற்கு எதற்கு சீல் என்று கேட்க வாய் திறக்கவில்லை. அமுக்கினேன். அவள் மை காயட்டும் என்று தாளை ஊதிக்கொண்டே வெளியே போனாள். இவ்வளவுதான் நடந்தது. தும்மலைவிடக் குறைந்த நேரம்.

இரண்டு மாதம் கழித்து நானா தன் வாசலில் இருந்து கேட்டார்: "தங்கச்சி, ஒங்கட அக்கா மருந்த வேற எங்கயும் எடுக்கிறாவா? இந்தப் பக்கம் காணல்லயே."

"கிளினிக்லயே எல்லாம் குடுக்குறாங்களா இருக்கும் நானா."

"இருக்கும். அந்தத் தோட்டத்து ஆக்கள் இன்னும் ரெண்டு பேரையும் காணல்ல. அதான் கேட்டேன்."

அந்த ஞாயிறே போய்ப் பார்க்க நினைத்தேன். களைப்பாக இருந்தது. துணி துவைக்கக் கிடந்தது. அடுத்த ஞாயிறு மழை. போன் எடுத்தபோது அக்கா "நல்லா இருக்கேன் புள்ள, நீ அலையாத" என்றாள். குரலில் ஒரு தொய்வு இருந்தது. கொழுந்து கூடின மாதம், களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறுதான் போனேன்.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். பக்கத்தில் போனதுமே வாடை வந்தது. கவ்வாத்து வெட்டிய மலை வழியாகக் குறுக்கே இறங்கியபோது, வெட்டி விட்ட செடியின் குச்சி செருப்பைத் துளைத்துப் பெருவிரலில் ஏறியிருக்கிறது.

"எப்ப?"

"அது ஆச்சு, மூணு கெழம."

"மூணு கெழமயா? வலிக்கலையா ஒனக்கு?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா? வலியே இல்ல. அதான் விட்டுட்டேன்."

மூன்று வாரப் புண். சீனி கூடினவர்களுக்குக் கால் மரத்துப் போகும், வலி தெரியாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். அக்கா சுவரைக் காட்டினாள். ஆணியில் கிளினிக் பை தொங்கியது. உள்ளே ஜனவரியில் கொடுத்த மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் கிடந்தன.

"அது போட்டா இது கேக்காதாம்ல," என்றாள்.

எது என்று கேட்பதற்குள், அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டேன். நாற்பத்தெட்டு நாளில் சீனி வியாதிக்கு விடுதலை. கீழே நான்கு இலைகளின் பெயர், காய்ச்சும் முறை, அதற்கும் கீழே தடித்த எழுத்தில், இங்கிலீஷ் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினால்தான் மூலிகை உடம்பில் வேலை செய்யும் என்று ஒரு வரி. பொடி டப்பா அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அதைத்தான் முதல் பக்கம் மட்டும் போதும் என்று பிரிண்ட் எடுக்கவில்லையே. தாளின் வலது மூலையில் என் கடையின் சீல் இருந்தது. போட்டோகொப்பியில் நீலம் கறுப்பாகியிருந்தது, மற்றபடி நன்றாகவே விழுந்திருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் தாளைக் கொண்டுவந்து, கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள். கேட்டவர்களுக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான்கு இலைகளில் இரண்டு இந்தக் குளிரில் முளைக்கவே முளைக்காது. அவற்றுக்குப் பதிலாக லயத்துக்குப் பின்னால் கிடைத்ததைப் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு நாள் முடிந்தும் தலைசுற்றல் நிற்காததால் அக்கா இன்னொரு நாற்பத்தெட்டு நாள் தொடங்கியிருந்தாள்.

"யாரோ எழுதுனத நம்பி மாத்திரைய நிப்பாட்டுவியா அக்கா?" கத்தினேன். கத்துவது ஒன்றுதான் எனக்கு உடனே வரும்.

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யாரோவா? ஒன் சீல் இருக்கேடி. நீ பாக்காமலா வச்சிருப்ப?"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அக்கா, நாளைக்குக் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா என்ன சொல்வாரோ என்று அதையே பேசிக்கொண்டு வந்தாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கால் போனால் அவள் மலை ஏற மாட்டாள், மலை ஏறாத அக்காவை எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாட்டில் இருந்த டொக்டர் இளம் பெண். சிங்களத்தில் கேட்டாள், நான் தமிழில் அக்காவிடம் கேட்டு, சிங்களத்தில் பதில் சொன்னேன். கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டியபோது, அவசரத்தில் நான் பிய்த்துச் செருகி வந்த அந்தத் தாள் விழுந்தது. டொக்டர் அதை எடுத்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளும் தாளைச் சாய்த்துப் பிடித்து சீலைத்தான் முதலில் பார்த்தாள். இது எந்த ஆயுர்வேத ஆஸ்பத்திரியில் கொடுத்தது என்று கேட்டாள்.

அக்காவுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் தாள் கையில் இருப்பதைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். தலையணையில் இருந்து தலையைத் தூக்கி என் கையைப் பிடித்தாள்.

"யாரோ ரோட்டுல குடுத்தாங்கன்னு சொல்லு. ஒன் கடைய சொல்லாத. போலீஸ் அது இதுன்னு வந்துரும்."

நான் ஒரு கணம் அப்படியே சொல்லத்தான் நினைத்தேன். மொழிபெயர்ப்பவள் நான் ஒருத்திதானே, என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. ஆனால் அக்கா பிடித்திருந்த பிடி என்னால் தாங்க முடியவில்லை. தாளில் இருந்ததை வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். மாத்திரையை நிறுத்தச் சொன்ன வரியையும் சொன்னேன். பிறகு, அந்த சீல் என் கடையுடையது, நான்தான் வைத்தேன், வாசிக்காமல் வைத்தேன் என்றேன்.

டொக்டர் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். என்னைவிடவும் களைத்திருந்தாள். இப்படிக் காகிதங்கள் வாரத்துக்கு இரண்டு வருகின்றன, சீலோடு வந்தது இதுதான் முதல் தடவை என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்காவின் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

பெருவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு வாரம் பிந்தியிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள். தட்டையான இடத்தில் நடக்கலாம், சரிவில் ஏற முடியாது. பெருவிரல் ஊன்றாமல் மலையில் நிற்க முடியாது என்று டொக்டர் சொன்னதை அக்காவுக்கு மொழிபெயர்த்ததும் நான்தான். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் வாட்டில் இருந்த நாட்களில் ஒரு நாள் பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போனேன். அந்தத் தாள் பொய், மாத்திரையை நிறுத்தாதீர்கள், தாளை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று கூடை இறக்கியவர்களிடம் சொன்னேன். சிலர் கொடுத்தார்கள். சிலர் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். முதலில் கொண்டுவந்த அந்தப் பெண் மட்டும் கொடுக்கவில்லை.

"சீல் வச்சவங்களே இப்ப இல்லன்னா எப்புடிக்கா? ஒங்கள யாரோ மெரட்டி இருக்காங்க. மருந்துக் கடக்காரங்களா?"

அவளிடம் கத்தவில்லை. எழுதியவர் பெயர் அதில் இல்லை என்பதைக் காட்டினேன். பொடி விற்கிற அடுத்த பக்கத்தை என் போனில் எடுத்துக் காட்டினேன். அக்காவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, யோசிக்கிறேன் என்றாள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினாளா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. நானாவின் கடைக்கு ஒருமுறை வந்தாளாம்.

அக்கா வீட்டுக்கு வந்த வாரம், டொக்டர் சொன்னதையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் தட்டி எடுத்துக்கொண்டு போனேன். காலையில் எது, இரவு எது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, புண்ணை எப்படிக் கழுவுவது, காலை தினமும் எப்படிப் பார்ப்பது. ஒவ்வொரு மாத்திரைக்கும் பக்கத்தில் அதன் நிறத்தையும் எழுதியிருந்தேன். அக்கா மெதுவாக வாசித்தாள். பிறகு தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"சீல் எங்க?"

"சீல் எல்லாம் இனி இல்லக்கா. தூக்கி வச்சிட்டேன்."

"இல்லாட்டி வேற யாரும் நம்ப மாட்டாங்களே. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா நான் என்னத்த காட்டுறது?"

"சந்தேகம்னா என்கிட்ட கேளு. யாருன்னாலும் கேக்கட்டும். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அக்கா சிரித்தாள். கோபமோ குத்தலோ அதில் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"ஒன்கிட்ட கேட்டா நீ ஏசுவ புள்ள. பேப்பரு ஏசாது."

எத்தனை வருடம் பொய்ப் பக்கங்களை அடியில் இருந்து மேல் வரை பார்த்திருக்கிறேன். அவை ஏன் ஜெயிக்கின்றன என்று எத்தனை காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இந்தக் காரணம் என் வாயிலேயே இருந்திருக்கிறது. அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது.

"நான் அனுப்பாதன்னு சொன்ன பொறகு ஒனக்கு வந்ததை எல்லாம் என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"வச்சிருக்கேன். ஒண்ணையும் அழிக்கல. எது சரி எது பொய்யின்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

"இப்ப அனுப்பு."

"எல்லாத்தையுமா? நெறைய இருக்குடி."

"எல்லாத்தையும் அனுப்பு. இருந்து ஒண்ணொண்ணா பாப்போம்."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்து, ஒரு விரலால் தட்டத் தொடங்கினாள். பைக்குள் இருந்த என் போன் கூவியது. மறுபடி கூவியது. நிற்காமல் கூவிக்கொண்டே இருந்தது. போனை எடுத்து அக்காவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். வெந்தயம், பாகற்காய், கண்ணுக்கு ஏதோ சொட்டு, வெறும் வயிற்றில் ஏதோ வேர். ஏறக்குறைய எல்லாம் குப்பை. ஒன்றிரண்டு சரியானவையும் இருந்தன. சரி என்று சொன்னேன், அக்காவுக்குச் சந்தோஷம்.

நடுவில் ஒரு படம் வந்தது. யாரிடமிருந்தும் வந்ததல்ல, அக்காவே எடுத்தது. அலுமாரிக் கதவில் ஒட்டுவதற்கு முன், அந்தத் தாளை வாசற்படியில் வெயிலில் வைத்து எடுத்திருக்கிறாள். எழுத்தும் சீலும் தெளிவாகத் தெரிந்தன.

"இத எதுக்கு எடுத்த?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஒனக்கு அனுப்பி, மாத்திரைய நிப்பாட்டவான்னு கேக்கத்தான் எடுத்தேன்."